டொமைன் பதிவகத்துக்கு எந்தத் தரவுத்தளம்? நான்கு வழிகளின் ஒப்பீடு

இணையத்தில் ஒரு பெயர் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு இறுதி விடை சொல்வது, ‘.காம்’ போன்ற ஒரு முடிவின்கீழ் வரும் பெயர்கள் அனைத்தையும் பதிந்துவைக்கும் பதிவகத்தின் தரவுத்தளம். உலாவியில் முகவரியைத் தட்டுபவர்கள் அதை ஒருபோதும் நேரடியாகத் தொடுவதில்லை. அதிலிருந்து உருவாக்கப்பட்டு உலகெங்கும் அனுப்பப்படும் ஸோன் கோப்பை, அதாவது எந்தப் பெயருக்கு எந்தச் சேவையகம் என்ற பட்டியலைக் கொண்டுதான் பெயர்ச் சேவையகங்கள் அவர்களுக்குப் பதில் சொல்கின்றன. தரவுத்தளத்தோடு பேசுகிறவை, பொதுமக்களுக்குப் பெயர்களை விற்கும் பதிவாளர் நிறுவனங்கள் மட்டுமே. ‘இந்தப் பெயர் கிடைக்குமா’, ‘இதைப் பதிவு செய்’, ‘இதை இன்னொரு பதிவாளருக்கு மாற்று’ என்ற கட்டளைகளை அவை இபிபி என்னும் நெறிமுறையில் அனுப்புகின்றன.

எந்தத் தரவுத்தள மென்பொருளின்மீது பதிவகத்தை நடத்துவது என்ற கேள்வி சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தொலைவான ஒன்றல்ல. ‘.காம்’ போல முகவரியின் இறுதியில் வரும் மேல்நிலைப் பெயர்களில் புதியவற்றுக்கு வழிதிறந்த தீர்மானத்தை, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு நிறைவேற்றியது 2011 ஜூன் 20 அன்று, இதே நகரில் நடந்த கூட்டத்தில்தான். 2012ஆம் ஆண்டுச் சுற்றுக்குப் பிறகு வரும் அடுத்த விண்ணப்பச் சுற்றின் தொடக்கமாக 2026 ஏப்ரல் குறிக்கப்பட்டது. தேசியப் பதிவகமான எஸ்ஜிநிக் ‘.எஸ்ஜி’யோடு ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ்ப் பெயரையும் நடத்துவதால், தமிழ் எழுத்துகளை ஒரு தரவுத்தளம் எப்படிக் கையாளுகிறது என்பதும் இங்கே நடைமுறைக் கேள்வியாகிவிடுகிறது. சில ஆயிரம் முதல் சில லட்சம் பெயர்கள்வரை வைத்திருக்கும் ஒரு பதிவகத்தை மனத்தில் கொண்டு இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அத்தகைய பதிவகத்துக்கு முன் நான்கு வழிகள் உண்டு: ஆரக்கிள் போன்ற வணிகத் தரவுத்தளம், போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரஸ்) என்னும் திறந்த மூலத் தரவுத்தளம், மேகக் கணினி நிறுவனங்கள் தரும், பல கணினிகளில் பகிர்ந்து இயங்கும் பரவல் தரவுத்தளம், தரவுத்தளத்தையே தான் நடத்தாமல் பதிவக வேலையைப் பிறருக்காகச் செய்து தரும் ஒரு பின்தள நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவது.

எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. இத்தகைய தேர்வுகளில் முதலில் பேசப்படுவது எப்போதும் கொள்ளளவுதான். ‘இத்தனை பெயர்களைத் தாங்குமா, வினாடிக்கு எத்தனை கட்டளைகள்’ என்ற கேள்விகளிலேயே கூட்ட நேரம் கழிந்துவிடுகிறது. ஆனால் உலகின் மிகப் பெரிய மேல்நிலைப் பெயரான ‘.காம்’ கூட 150 மில்லியனைச் சற்றுத் தாண்டிய பெயர்களையே கொண்டது. ஒரு நடுத்தர வங்கியின் பரிவர்த்தனை அட்டவணை அதைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். பதிவகத் தரவுத்தளத்தின் கடினம் அளவில் இல்லை. ஒரே நொடியில் இருவர் ஒரே பெயரைக் கேட்டால் ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்க வேண்டும் என்பதிலும், கிடைத்ததாகச் சொன்ன பிறகு அந்தப் பதிவு எந்த விபத்திலும் தொலையக்கூடாது என்பதிலுமே அது இருக்கிறது.

ஐகேன் தன் ஒப்பந்தங்களில் வைத்திருக்கும் சேவை அளவுகோல்களே இதைக் காட்டுகின்றன. பெயர்ச் சேவை மாதத்தில் ஒரு நிமிடம்கூட முழுமையாக நிற்கக்கூடாது. இபிபி சேவையோ மாதத்துக்கு 864 நிமிடங்கள், அதாவது 14 மணி 24 நிமிடம் வரை நிற்கலாம். பதிவை மாற்றும் கட்டளைகளில் 90 விழுக்காட்டுக்கு 4,000 மில்லிவினாடிக்குள் பதில் கிடைத்தால் போதும். நாட்டுப் பெயர்ப் பதிவகங்களை இந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், தேர்வு செய்வோருக்கு இவை நல்ல அளவுகோல்கள். தரவுத்தளம் சில மணி நேரம் நின்றுபோவதை ஒப்பந்தம் பொறுத்துக்கொள்கிறது. பொய் சொல்வதையோ மறந்துவிடுவதையோ பெயரின் உரிமையாளர் பொறுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே, ஐயம் ஏற்படும் வேளையில் தொடர்ந்து இயங்குவதைவிட நின்றுவிடும் தரவுத்தளமே பதிவகத்துக்கு ஏற்றது.

ஒரு கட்டளைக்குள் நடப்பவை

பதிவாளர் ஒருவர் ‘பதிவு செய்’ என்று அனுப்பும் ஒற்றைக் கட்டளைக்குள் என்னென்ன நடக்கின்றன என்று பார்த்தால் மற்ற எல்லா ஒப்பீடுகளும் எளிதாகும். அந்தப் பெயர் ஏற்கெனவே இல்லை என்பதும், ஒதுக்கப்பட்ட பெயர்களின் பட்டியலில் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பதிவாளரின் முன்பணக் கணக்கில் கட்டணம் கழிக்கப்பட வேண்டும். உரிமையாளர் விவரம், பெயர்ச் சேவையகங்கள், காலாவதி நாள் ஆகியவை எழுதப்பட வேண்டும். அடுத்த ஸோன் கோப்பில் சேர்ப்பதற்கான குறிப்பும், யார் எப்போது என்ன செய்தார் என்ற வரலாற்றுப் பதிவும் உருவாக வேண்டும். இவை அனைத்தும் ஒன்றாக நிறைவேற வேண்டும், அல்லது ஒன்றுமே நிறைவேறக்கூடாது. பணம் கழிந்து பெயர் பதிவாகாமல் போவதும், பெயர் பதிவாகி ஸோனில் சேராமல் போவதும் சில நாள்களில் புகாராக வந்து நிற்கும். வரலாறு எழுதப்படாமல் போவதோ, உரிமைத் தகராறு நடுவர்களிடம் போகும் நாளில்தான் தெரியவரும்.

இங்கே ஒரு நுட்பமான இடர் உண்டு. பெயர்களின் அட்டவணையில் போட்டி குறைவு, ஏனெனில் ஒவ்வொரு கட்டளையும் வெவ்வேறு பெயரைத் தொடுகிறது. பதிவாளரின் இருப்புத் தொகை இருக்கும் வரிசையிலோ, அவர் அனுப்பும் ஒவ்வொரு பதிவும் ஒரு நேரத்தில் ஒருவரே மாற்றலாம் என்ற பூட்டுக்காகக் காத்து நிற்கிறது. காலாவதியான பெயர்கள் 30 நாள் மீட்புக் காலத்தையும் 5 நாள் நீக்கக் காத்திருப்பையும் கடந்து மீண்டும் பொதுவில் விடப்படும் வேளையில், பல பதிவாளர்கள் ஒரே பெயர்களுக்காக ஆயிரக்கணக்கான கட்டளைகளைக் குவிக்கிறார்கள். அப்போது நெரிசல் உண்டாவது பெரும்பாலும் பெயரில் அல்ல, இந்த இருப்புத் தொகை வரிசையில்தான். எந்த மென்பொருளை வாங்கினாலும் இது தீராது. கழிவுகளைத் தனித்தனி வரிசைகளாக எழுதி, இருப்பைப் பின்னர் கூட்டிக்கொள்ளும் வடிவமைப்புதான் தீர்வு. விலையுயர்ந்த மென்பொருள் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் இத்தகைய வடிவமைப்பு வேலை தள்ளிப்போடப்படுவதுதான் என் கவலை.

காலத்தோடு கட்டுண்ட நிலைகளும் உண்டு. 2013 மே முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்ஜிநிக்கின் அடையாளச் சரிபார்ப்பு விதிப்படி, ‘.எஸ்ஜி’ பெயருக்குப் பொறுப்பான உள்ளூர்த் தொடர்பாளர் 21 நாள்களுக்குள் சிங்பாஸ் என்னும் தேசிய மின்னடையாளம் வழியாகத் தம்மை உறுதிப்படுத்தாவிட்டால் பெயர் இடைநிறுத்தப்படும். அதாவது, யாரும் கட்டளை அனுப்பாமலேயே நாள் கடந்ததால் நிலை மாறும் பதிவுகளும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இரவில் ஓடும் அந்த வேலை பாதியில் நின்று மறுபடி தொடங்கினால், ஒரே பெயரை இருமுறை தொடாமல் இருக்க வேண்டும். எல்லாம் நிறைவேறும், அல்லது ஒன்றுமே நிறைவேறாது என்ற பரிவர்த்தனை ஒழுங்கு உறுதியாக இருக்கும் தரவுத்தளத்தில் இது இயல்பாக அமையும். இல்லாத இடத்தில் நிரலாளரே கட்டிக் காக்க வேண்டியிருக்கும்.

ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும்

இந்தத் தேவைகளை ஆரக்கிள் முழுமையாக நிறைவு செய்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய நிலையைத் திரும்பிப் பார்க்கும் வசதி, மறு நிலையத்துக்கு நகல் அனுப்பும் முதிர்ந்த கருவிகள், பிழை நேர்ந்தால் அழைக்க ஒரு நிறுவனம் ஆகியவை அதன் பலங்கள். கேள்வி விலையைப் பற்றியது. அதன் நிறுவனப் பதிப்புக்கு விலைப்பட்டியலில் ஒரு செயலி உரிமம் 47,500 அமெரிக்க டாலர், ஆண்டு ஆதரவுக் கட்டணம் அதில் 22 விழுக்காடு. வழக்கமான எட்டு உள்ளகச் (கோர்) சேவையகம் ஒன்றுக்கு, இரண்டு உள்ளகங்களுக்கு ஓர் உரிமம் என்ற கணக்கில், நான்கு உரிமங்கள் தேவைப்படும். நகல் ஓடும் இரண்டாம் நிலையத்துக்கும் அதே அளவு வேண்டும். கூட்டினால் 380,000 டாலரும், ஆண்டுதோறும் 83,600 டாலரும் ஆகிறது. பேரம் பேசினால் கணிசமாகக் குறையும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனாலும் சில ஆயிரம் பெயர்களே விற்கும் பதிவகத்துக்கு அந்தத் தொகை இரண்டு தேர்ந்த பொறியாளர்களின் சம்பளம். ஏற்கெனவே ஆரக்கிள் உரிமமும் அதை நன்கறிந்த ஊழியர்களும் உள்ள அமைப்பு அதிலேயே தொடர்வது நியாயம். புதிதாகத் தொடங்குகிறவர் அதை வாங்குவதற்கு நியாயம் காண எனக்கு இயலவில்லை.

பெரிய பதிவகம் ஒன்றைப் போஸ்ட்கிரஸில் நடத்த முடியுமா என்று மேலாளர்கள் கேட்கும் ஐயத்துக்கு 2003ஆம் ஆண்டே விடை கிடைத்துவிட்டது. ‘.ஆர்க்’ பெயர்களை வெரிசைன் நிறுவனத்திடமிருந்து எடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்க ஐகேன் முடிவு செய்தபோது, 11 விண்ணப்பங்கள் வந்தன. இன்டர்நெட் சொசைட்டி அமைத்த பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி தேர்வானது. அதன் பின்தளத்தை நடத்திய அஃபிலியாஸ், ‘.இன்ஃபோ’வை நடத்திவந்த அதே போஸ்ட்கிரஸையே இதற்கும் பயன்படுத்தியது. 2003 ஜனவரியில் 2.6 மில்லியனுக்கும் அதிகமான பெயர்கள் கைமாறின. அந்நாளைய போஸ்ட்கிரஸ் 7 வரிசைப் பதிப்புகளில், மறு சேவையகத்துக்கு நகல் அனுப்பும் வசதி உள்ளமைந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குறையை நிரப்பவே, அஃபிலியாஸில் பணியாற்றிய யான் வீக் ஸ்லோனி என்ற நகலெடுப்பு மென்பொருளை உருவாக்கி 2004இல் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டார். ஒரு பதிவகத்தின் தேவை, தரவுத்தளத்தையே வளர்த்தெடுத்த நல்ல எடுத்துக்காட்டு அது.

இன்றைய நிலை வேறு. 2010இல் வந்த 9.0 பதிப்பு தொடர் நகலெடுப்பை உள்ளேயே கொண்டுவந்தது, 2011இல் 9.1, நகல் எழுதப்பட்ட பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லும் ஒத்திசைவு நகலெடுப்பைச் சேர்த்தது. ஒரே பெயருக்கு இரு உரிமைக் காலங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் தடுக்கும் விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைக்கவும் இப்போது முடிகிறது. செக் நாட்டுப் பதிவகம் உருவாக்கி, பிற நாட்டுப் பதிவகங்களும் எடுத்தாளும் ஃப்ரெட், சிறு நாட்டுப் பெயர்கள் பலவற்றை நடத்தும் கோக்கா ஆகிய பதிவக மென்பொருள்கள் இரண்டுமே போஸ்ட்கிரஸின்மேல் நிற்கின்றன. எனவே, ‘இதில் யார் பதிவகம் நடத்துகிறார்கள்’ என்று கேட்பவருக்கு நீண்ட பட்டியலே காட்டலாம்.

மற்றொரு திறந்த மூலத் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லும் பரிவர்த்தனை வசதி கொண்டதுதான். ஆனால் அதன் இயல்பான எழுத்து ஒப்பீடு, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டையும் சில எழுத்துக் குறிகளையும் பொருட்படுத்தாமல் இரண்டு வெவ்வேறு சொற்களை ஒன்றெனக் கொள்ளக்கூடியது என்பதால், பெயர்களையே சொத்தாகக் கொண்ட பதிவகத்துக்கு அதை நான் முதல் தேர்வாக வைக்கவில்லை.

தமிழ்ப் பெயரும் சிறுகோடும்

போஸ்ட்கிரஸிலும் இந்த இடத்தில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்ப் பெயர்களை விற்கும் பதிவகம் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் எழுத்துகளை வரிசைப்படுத்த, இயல்பாக இயங்குதளத்தின் மொழி நூலகத்தையே நம்புகிறது. 2018 ஆகஸ்டில் லினக்ஸில் அந்த நூலகத்தைக் கொண்ட ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வெளியானபோது அந்த வரிசை விதிகள் பெரிதும் மாறின. முன்பு ‘11’ முதலிலும் ‘1-1’ பிறகும் வந்தன. பின்பு அது தலைகீழானது. பழைய வரிசையில் கட்டிய சுட்டியை (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியலை) புதிய இயங்குதளத்தின்மேல் வைத்துத் தேடினால், இருக்கும் பெயர் இல்லை என்று விடை வரக்கூடும். ‘ஒரு பெயர் ஒருமுறைதான்’ என்ற விதியும் அந்தச் சுட்டியையே நம்பியிருப்பதால், இரண்டாவது பதிவு உள்ளே நுழைந்துவிடவும் கூடும்.

இதில் தமிழுக்கு என்ன என்று கேட்கலாம். பெயர்ச் சேவையகங்கள் தமிழ் எழுத்தை அப்படியே ஏற்பதில்லை. தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் ‘எக்ஸ்’, ‘என்’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளையும் இரண்டு சிறுகோடுகளையும் முன்னொட்டாகக் கொண்ட ஒரு குறியீட்டு வடிவத்துக்கு மாற்றப்பட்டே சேமிக்கப்படுகிறது. ஆங்கிலப் பெயர்களில் சிலவற்றில் மட்டுமே சிறுகோடு இருக்கும். தமிழ்ப் பெயர்கள் அத்தனையிலும் இருக்கும். வரிசை விதி மாறியது முதன்மையாகச் சிறுகோடு போன்ற குறிகளுக்கு என்பதால், இடருக்கு முழுமையாக ஆளாகிறவை நம் பெயர்களே. தீர்வு எளியது: பெயர் இருக்கும் நெடுவரிசைக்கு மட்டும் மொழி சாராத, பைட் அடிப்படையிலான வரிசையை முதல் நாளிலேயே குறித்துவிட வேண்டும். பின்னாளில் இயங்குதளம் எத்தனை முறை மாறினாலும் அந்தச் சுட்டி அசையாது.

தரவுத்தளத்துக்கு முன்னால் நின்று செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை, ககரத்தோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். முன் கொம்பு, பின் கால் என இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பன்மொழிப் பெயர்களுக்கான விதிகள் ஒரே சீர்வடிவத்தைக் கோருகின்றன. குறியீட்டு வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன்பே அது செய்யப்பட வேண்டும். ‘ஔ’ என்ற ஓரெழுத்தும் ‘ஒள’ என்ற ஈரெழுத்தும் அப்படியல்ல. எந்தச் சீர்வடிவமும் அவற்றை ஒன்றாக்காது, ஆனால் திரையில் அவை பிரித்தறிய முடியாதவை. ஔவையார் பெயரில் ஒருவர் பதிவு செய்த முகவரியை இன்னொருவர் போலியாக அமைக்க இது போதும். ஆகவே, ஒவ்வொரு பெயருக்கும் தோற்ற ஒப்புமையைக் கணக்கிட்டு எழுதும் தனி நெடுவரிசையும், அதன்மேல் ‘ஒன்றே ஒன்று’ என்ற விதியும் வேண்டும். அப்படிச் செய்தால் ஒன்றை ஒருவர் பெற்றதும் மற்றது தானாகவே தடுக்கப்பட்டுவிடும். தமிழுக்குச் செய்ய வேண்டிய இந்த வேலையைத் தரவுத்தள விற்பனையாளர் யாரும் நமக்காகச் செய்து தரமாட்டார்.

மேகமும் தீவும்

மூன்றாம் வழியான மேகத் தரவுத்தளத்துக்குக் கூகுளின் அனுபவமே சிறந்த பாடம். அந்நிறுவனம் தன் மேல்நிலைப் பெயர்களுக்கு எழுதிய நோமுலஸ் என்ற பதிவக மென்பொருளை 2016 அக்டோபரில் திறந்த மூலமாக வெளியிட்டது. அது முதலில் டேட்டாஸ்டோர் என்னும் ஆவண வகைத் தரவுத்தளத்தின்மேல் கட்டப்பட்டது. அத்தகைய தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனைக்குள் தொடக்கூடிய பதிவுக் குழுக்களுக்கு வரம்பு உண்டு. பெயரால் தேடவும், மாற்றங்களின் தடத்தைக் காக்கவும் தனித் துணைப் பதிவுகளை மென்பொருளே உருவாக்கிப் பேண வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழு மிகுந்த உழைப்பில் அனைத்தையும் போஸ்ட்கிரஸுக்கு மாற்றியது. பரவல் தரவுத்தளங்களை உலகிலேயே நன்கறிந்த நிறுவனம் ஒன்று, பதிவகத்துக்கு, தரவை அட்டவணைகளாக வைக்கும் வழக்கமான உறவுத் தரவுத்தளமே பொருத்தம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது என் முடிவைப் பெரிதும் உறுதிப்படுத்துகிறது.

பல கண்டங்களில் பரவியும் பரிவர்த்தனை ஒழுங்கைக் காக்கும் ஸ்பேனர், காக்ரோச்டிபி போன்றவை இந்தக் குறைக்கு ஆளாகாதவை. ஆனால் அவை தீர்க்கும் சிக்கல் நம்முடையதல்ல. சிங்கப்பூர் கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் அளவே நீளும் தீவு. ஜூரோங்கில் ஒரு நிலையமும் கிழக்குக் கரையில் ஒரு நிலையமும் இருந்தால், கண்ணாடி இழையில் செய்தி போய்த் திரும்ப ஒரு மில்லிவினாடியை ஒட்டியே ஆகும். ஒத்திசைவு நகலெடுப்பு இதில் ஏறத்தாழ இலவசம். சிட்னிக்கோ டோக்கியோவுக்கோ அதே வேலை பல பத்து மில்லிவினாடிகள் எடுக்கும். அங்கே ஒத்திசைவற்ற நகல் ஒன்று போதும். 2024 செப்டம்பரில் லோயாங்கில் உள்ள தரவு நிலையம் ஒன்றில் தீப்பிடித்துப் பல சேவைகள் பாதிக்கப்பட்டதைக் கண்டவர்கள், ஒரே கட்டடத்தில் இரு நகல்கள் வைப்பதைக் காப்பு என்று கருத மாட்டார்கள். தீவுக்குள் ஒத்திசைவு நகல்கள் இரண்டு வைத்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று எழுதினால் போதும் என்று அமைக்க வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால், அது நின்ற கணத்தில் எல்லாப் பதிவுகளும் அதற்காகக் காத்து நிற்கும்.

தரவுத்தளத்தின் தேர்வைவிட, சரிபார்க்காமல் வெளியிட்டதால் பதிவகம் வீழ்ந்த கதைகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1997 ஜூலை 17 அன்று, அப்போது ‘.காம்’, ‘.நெட்’ இரண்டையும் நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸில், இங்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்பட்ட சிக்கலால் ஸோன் கோப்புகள் பழுதாக உருவாயின. எச்சரிக்கை மணி ஒலித்தது. ஆயினும் கோப்பு சரிபார்க்கப்படாமல் வெளியிடப்பட்டது. 2010 மே 12 அன்று ஜெர்மனியின் ‘.டிஈ’ ஸோன் முழுமையின்றி வெளியாகி, எண்ணற்ற பெயர்கள் இல்லை என்று சேவையகங்கள் பதிலளித்தன. இரண்டிலும் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒரு சிறு நிரல்: முந்தைய கோப்போடு ஒப்பிட்டு, பெயர்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைந்திருந்தால் வெளியீட்டையே நிறுத்திவிடும் நிரல். உரிமத்தில் மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு இதற்கும், இதை இரவிலும் கவனிக்கும் ஆள்களுக்கும் போக வேண்டும்.

ஒப்படைத்துவிடும் வழி

இவ்வளவையும் படித்த பிறகு, நான்கே பேர் கொண்ட குழு ஒன்று இதை நடத்த முடியுமா என்ற கேள்வி எழுந்தால் அது நேர்மையான கேள்வி. புதிய மேல்நிலைப் பெயர் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்குப் பின்தளத்தை வாடகைக்கு எடுப்பதே ஏற்றது. 2026ஆம் ஆண்டுச் சுற்றில் ஐகேனின் தொழில்நுட்ப மதிப்பீட்டில் தேறிய பின்தள நிறுவனங்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்பதால், சொந்தமாகக் கட்டுபவர் அந்த மதிப்பீட்டையும் தாமே கடக்க வேண்டும். நாட்டுப் பெயரையோ, தமிழ்ப் பெயர்களையோ, உள்ளூர் அடையாளச் சரிபார்ப்பையோ கையாளும் பதிவகத்துக்கு என் பரிந்துரை சொந்தப் போஸ்ட்கிரஸ்தான், ஏனெனில் மேலே சொன்ன தனி விதிகளைப் பிறரின் பொது மென்பொருளில் சேர்க்கச் சொல்லிக் காத்திருப்பது முடிவில்லாதது.

வாடகைக்கு எடுப்பவர் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது, உள்ளே எந்தத் தரவுத்தளம் ஓடுகிறது என்பதைவிட, வெளியே வரும் வழியைத்தான். பெயர்கள் கைமாறுவது நடக்கக்கூடியது: 2018 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ‘.ஏயூ’, 3 மில்லியனுக்கும் அதிகமான பெயர்களோடு வேறு நிறுவனத்துக்கு மாறியது. மேல்நிலைப் பெயர் நடத்துவோர் ஞாயிறுதோறும் முழுத் தரவையும், மற்ற ஆறு நாள்களும் மாற்றங்களையும் மூன்றாம் தரப்பு ஒன்றிடம் வைப்பாக அளிக்க வேண்டும் என்பது ஐகேனின் விதி. அந்த வைப்பின் வடிவம் எந்தத் தரவுத்தளத்தையும் சாராதது. ஆனால் பதிவாளர்களின் இருப்புத் தொகை, பெயர்களின் முழு மாற்ற வரலாறு, தமிழ் எழுத்துகளின் ஒப்புமைப் பட்டியல் ஆகியவை அந்த வைப்பில் தாமாகவே முழுமையாக இடம்பெறும் என்று எண்ணிவிடக்கூடாது. இவற்றையும் குறிப்பிட்ட வடிவில், குறிப்பிட்ட இடைவெளியில் பதிவகத்திடமே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதிக்கொண்டு, கையெழுத்திடுவதற்கு முன்பே அந்தக் கோப்புகளிலிருந்து வெறும் சேவையகம் ஒன்றில் பதிவகத்தை மீட்டெழுப்பிக் காட்டும்படி கேட்க வேண்டும்.